கதாபாத்திரங்களோடு குடித்தனம்: முதல் நாவல் எழுதுபவருக்கு ஒரு வழிகாட்டி

முதல் நாவலைத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு. ஒன்று: "எழுத உட்காரும்போது மட்டும்தான் இந்த ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். எழுந்துவிட்டால் ஒருவரையும் காணோம். மறுநாள் மறுபடி முதலிலிருந்து கூப்பிட வேண்டியிருக்கிறது." இன்னொன்று இதற்கு நேர் எதிர்: "தூங்க விடமாட்டேன் என்கிறார்கள். பஸ்ஸில் வருகிறார்கள், குளிக்கும்போது வருகிறார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதா?"

இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். மீதி இருபத்திரண்டரை மணி நேரம் உங்கள் கதாபாத்திரங்கள் எங்கே இருக்கிறார்கள்? நாவலின் உயிர் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் கூடுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது பிறவி வரம் என்று சிலர் சொல்வார்கள். என் அனுபவத்தில் இது பழக்கம். பழகினால் யாருக்கும் வரும்.

முதலில் அந்த இரண்டாவது ஆளின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 50 புனைகதை எழுத்தாளர்களிடம் பேசி, 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கதாபாத்திரம் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்வது போன்ற உணர்வு ஓரளவாவது தங்களுக்கு உண்டு என்று அவர்களில் 92 சதவீதம் பேர் சொன்னார்கள். ஏற்கெனவே புத்தகமோ கதையோ வெளியிட்டவர்களுக்கு அந்த உணர்வு இன்னும் அடிக்கடி, இன்னும் விவரமாக இருந்தது. எழுத எழுதக் கூடுகிற ஒன்று இது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு 2014இலும் 2018இலும் வந்திருந்த எழுத்தாளர்களிடம் கேட்டார்கள். பதில் சொன்ன 181 பேரில் 63 சதவீதம் பேர் கதாபாத்திரத்தின் குரல் தங்களுக்குக் கேட்கிறது என்றார்கள். ஆகவே உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொழில் பிடிபடத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

படிவம் நிரப்புவதை விடுங்கள்

புதிதாக எழுத வருபவர்களுக்கு யாராவது ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்துவிடுகிறார்கள். கதாபாத்திரத்தின் உயரம் என்ன, பிடித்த நிறம் என்ன, ராசி என்ன, எத்தனை பேரோடு பிறந்தார் என்று நூறு கேள்விகள். இரண்டு நாள் உட்கார்ந்து அதை நிரப்புவார்கள். நிரப்பி முடித்ததும் அந்த ஆள் செத்துப்போவார். எல்லாம் தெரிந்துவிட்ட ஒருவரைப் பற்றி நாம் எதற்காக யோசிக்கப் போகிறோம்? பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி நமக்கு ஓயாமல் நினைப்பு ஓடுவது, அவர் ஏன் நேற்று நம்மைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார் என்று தெரியாததால்தான்.

ஆரம்பத்துக்கு மூன்று தெரிந்தால் போதும். அந்த ஆளுக்கு இந்த வாரம் என்ன வேண்டும்? எதை யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார்? கோபம் வந்தால் குரல் ஏறுமா, இறங்குமா? மூன்றாவது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் குரல் இறங்குகிற ஒருத்தியை நீங்கள் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள். மற்றதெல்லாம் போகப்போகத் தெரியட்டும்.

பெயரை மட்டும் சீக்கிரம் வைத்துவிடுங்கள். "கதாநாயகி" என்று மனதில் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அவள் வரமாட்டாள்.

ஒரே ஒரு கேள்வியோடு எழுந்திருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். அன்றைக்கு எழுதி முடித்ததும், நோட்டை மூடும் முன்னால், ஒரு கதாபாத்திரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு எழுந்துவிடுங்கள்.

கேள்வி சின்னதாக இருக்க வேண்டும். "அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும்?" என்று கேட்டால் மனது எதையும் பிடிக்காது, அது கதைக்கான கேள்வி, ஆளுக்கானது இல்லை. "அவர் ஏன் இப்படி ஆனார்?" என்பதும் உதவாது. அது ஆராய்ச்சிக் கட்டுரைக்கு. "அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எங்கே வைப்பார்?" என்று கேளுங்கள். இடம், கை, பொருள் மூன்றும் அதில் இருக்கின்றன. பகல் முழுக்க உங்கள் கண் இடங்களையும் கைகளையும் பொருள்களையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதில் அதில் எங்காவது தட்டுப்படும்.

அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவதாக 1958இல் வெளியான நேர்காணலில் சொன்னார். ஊற்று வற்றும்வரை இறைக்காதே என்பது அவர் கணக்கு. நான் அதிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். நிகழ்ச்சி தெரிந்திருக்கட்டும், அந்த நிகழ்ச்சியில் அந்த ஆள் என்ன செய்வார் என்பது தெரியாமல் இருக்கட்டும். அந்த இடைவெளிதான் ஆளை நம்மோடு வரவைக்கிறது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் நாவலில் சரோஜினி என்று ஒரு பெண். வயது 61, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தங்கை விமலாவோடு ஏதோ ஒரு பேச்சில் தவறு செய்துவிடுகிறாள். தவறு தன்மேல்தான் என்று அவளுக்கே தெரியும். அத்தியாயத்தின் முடிவில் அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்று முறை எழுதினேன். மூன்றிலும் அவள் வாயிலிருந்து வந்த சொற்கள் என் சொற்கள். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள், "என்னை மன்னிச்சிடு" என்று சொல்வாளா? சொல்லமாட்டாள். நான்காவது முறை எழுதாமல் நோட்டில் ஒரு வரி எழுதினேன்: "மன்னிப்புக் கேட்கமாட்டாள் என்றால், விமலாவைத் தன் பக்கத்தில் வரவைக்க என்ன செய்வாள்?"

ஒன்பது நாள் அந்தக் கேள்வி என்னோடு இருந்தது. பத்தாம் நாள் காலையில் சட்டைப் பொத்தான் ஒன்று கையோடு வந்துவிட்டது. தைக்க உட்கார்ந்தேன். நூலை ஈரப்படுத்தி, நுனியை முறுக்கி, ஊசியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஐந்தாறு முறை முயன்றேன். நூல் பிரிந்து பிரிந்து போனது. யாரையாவது கூப்பிடலாம் என்று திரும்பினேன். திரும்பின அந்த நொடியில் சரோஜினி வந்துவிட்டாள்.

"விமலா, இதுல நூல் கோத்துக் குடு. கண்ணு தெரியல."

அவ்வளவுதான் அவள் சொன்னாள். யாரிடமும் உதவி கேட்காதவள் கேட்டுவிட்டாள். பொத்தானை அப்படியே வைத்துவிட்டு எழுதினேன். எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது: மேஜைமேல் இருக்கிற நூற்கண்டில், ஏற்கெனவே நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கிறது. விமலா அதைப் பார்க்கிறாள். ஒன்றும் சொல்லாமல் இன்னொரு ஊசியை வாங்கி நூல் கோக்கிறாள்.

ஒன்பது நாளும் மேஜையிலேயே உட்கார்ந்திருந்தால் இது கிடைத்திருக்காது. கேள்வியைக் கையில் வைத்திருக்காமல் வெறுமே பொத்தான் தைத்திருந்தாலும் கிடைத்திருக்காது.

கைக்கு வேலை, மனதுக்கு ஓய்வு

எந்த நேரத்தில் கதாபாத்திரம் வரும்? கைக்கு வேலை இருந்து மூளைக்கு அதிக வேலை இல்லாத நேரத்தில். துணி மடிப்பது, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வரிசையில் நிற்பது, முக்கியமாக நடப்பது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோது தோன்றியதைவிட நடந்தபோது பெரும்பாலோருக்குப் புதிய யோசனைகள் அதிகம் தோன்றின. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் அந்த வேகம் கொஞ்ச நேரம் நீடித்தது. நாவலாசிரியர்களை வைத்து அவர்கள் சோதிக்கவில்லை. ஆனால் நாவலாசிரியர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். 1843இல் தன் கிறிஸ்துமஸ் கதையை எழுதிக்கொண்டிருந்தபோது, ஊர் உறங்கிய பிறகு லண்டன் தெருக்களில் பல இரவுகள் 15, 20 மைல் நடந்ததாகவும், கதையை நினைத்து அழுததாகவும் சிரித்ததாகவும் சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு நண்பருக்கு எழுதினார்.

உங்களுக்கு அத்தனை மைல் வேண்டாம். ஒரு நாளில் இருபது நிமிடம் போதும், காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வரிசையில் நின்றால் கை தானாகப் போனைத் தேடுகிறது. ஆனால் கதாபாத்திரம் வந்து நிற்கும் இடமும் அதே இடம்தான். அங்கே வேறு குரலை உட்காரவைத்துவிட்டால் அவர் எங்கே நிற்பார்? முதல் வாரம் வெறும் சலிப்புதான் வரும். அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாரத்தில் யாராவது பேசத் தொடங்குவார்கள்.

நடக்கும்போது கதையை "யோசிக்க" வேண்டாம். கேள்வியை ஒருமுறை மனதுக்குள் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். எதிரே ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வருகிறார். என் ஆள் இந்தக் குடையை எப்படி மடக்குவார்? இவ்வளவு போதும்.

கூற்றும் எச்சமும்

ஆள் வருகிறார், ஆனால் பேசமாட்டேன் என்கிறார்; அல்லது எல்லா ஆட்களும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இந்தக் கட்டத்தில் பலர் சோர்ந்துபோகிறார்கள். நான் கைக்கொள்ளும் வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்றெல்லாம் சொல்கிறது. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது; பெயர் சுட்டக் கூடாது என்பது விதி. பெயரில்லாத அந்த ஆட்கள் இத்தனை நூற்றாண்டு கழித்தும் நமக்கு முகத்தோடு தெரிவதற்குக் காரணம், பாடலின் அடியில் இருக்கும் "தலைவி தோழிக்குச் சொன்னது" போன்ற ஒரு வரி. யார், யாரிடம் என்று தெரிந்த உடனே குரல் வந்துவிடுகிறது.

இதையே நாவலுக்குச் செய்யுங்கள். ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள்: "வீட்டை விற்கப் போகிறேன்." உங்கள் கதாபாத்திரம் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வார்? கூடவே வேலை பார்க்கிறவரிடம்? வீட்டை வாங்க வந்தவரிடம்? யாரும் இல்லாத அறையில் தனக்குத்தானே? நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுதுவது அப்புறம். வாய்க்கு வராத வாக்கியம் அந்த ஆளுடையது இல்லை. டிக்கன்ஸின் மகள் மேமி ஒருமுறை உடம்பு சரியில்லாமல் அப்பாவின் எழுத்தறையில் படுத்திருந்தபோது, அவர் எழுதிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று எழுந்து கண்ணாடிமுன் ஓடி முகத்தை விதவிதமாகக் கோணி, திரும்பி வந்து மும்முரமாக எழுதியதைப் பார்த்தாள். மறுபடியும் கண்ணாடிக்கு ஓடினார். பிறகு அவளைப் பார்த்துத் திரும்பி, அவள் இருப்பதே தெரியாமல் தாழ்ந்த குரலில் வேகமாகப் பேசினார். பின்னாளில் தன் நினைவுக்குறிப்பில் அவள் அதை எழுதியிருக்கிறாள். மெய்ப்பாடு என்று நம்மவர்கள் சொன்னதும் இதைத்தான்: உணர்ச்சி உடம்பில் தெரிய வேண்டும். வெட்கப்படாமல் செய்யுங்கள், கதவைச் சாத்திக்கொண்டாவது.

கடைசியாக எச்சம். அந்த நான்கு பேச்சிலும் எதை அவர் சொல்லாமல் விட்டார்? அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லையா? வாங்க வந்தவரிடம் மழை ஒழுகும் இடத்தைக் காட்டவில்லையா? சொல்லாமல் விட்டதை ஒரு வரியாக எழுதி வையுங்கள். அதுதான் நாளைக்கு நீங்கள் கையோடு எடுத்துப்போக வேண்டிய கேள்வி. கேள்வி எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இதுதான்: எச்சத்திலிருந்து வரும்.

வந்ததை எப்படிக் குறித்துவைப்பது

உடனே. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டது எனக்கு ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. சின்ன நோட்டோ, போனில் குரல்பதிவோ, எது கைக்கு எட்டுகிறதோ அது.

ஆனால் எதைக் குறிப்பது என்பதில் புதியவர்கள் தவறுகிறார்கள். "சரோஜினி மறைமுகமாக மன்னிப்புக் கேட்கிறாள்" என்று எழுதி வைத்தால் ஒரு மாதம் கழித்து அது வெறும் பொழிப்புரை. "இதுல நூல் கோத்துக் குடு" என்று அவள் சொன்னதை அப்படியே, அவள் சொன்ன ஒலியோடு எழுதினால் மொத்தக் காட்சியும் அதற்குள் இருக்கும். சொன்ன சொல், செய்த கை, இருந்த பொருள். விளக்கம் வேண்டாம்.

வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குறிப்புகளை நாவல் நோட்டுக்கு மாற்றுங்கள். பாதி உதவாது. பரவாயில்லை.

தெரிந்தவர்கள் உள்ளே வந்துவிட்டால்

கதாபாத்திரம் மனதில் இருக்கும்போது கண்ணில் படுகிற உறவினர், நண்பர் எல்லாரிடமிருந்தும் அது எதையாவது எடுத்துக்கொள்ளும். ஒரு கையசைவு, ஒரு செருமல். எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் ஒருவரிடமிருந்து ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். கையசைவும் தொழிலும் குடும்பக் கதையும் ஒரே ஆளிடமிருந்து வந்தால் அவர் படிக்கும்போது தன்னைக் கண்டுகொள்வார், காயப்படுவார். அந்தக் காயத்துக்கு ஈடு எந்த நாவலும் இல்லை.

"மாட்டேன்" என்று அவர் சொன்னால்

ஒரு நாள் நீங்கள் திட்டமிட்டதைச் செய்யக் கதாபாத்திரம் மறுக்கும். அல்லது நீங்கள் நினைக்காததைச் செய்துவிடும். டால்ஸ்டாய் 1876இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், அன்னா கரேனினா நாவலின் அத்தியாயம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தான் சற்றும் எதிர்பாராமல் அதில் வரும் விரான்ஸ்கி தன்னையே சுட்டுக்கொள்ளப் போனதாகவும், பின்னால் வருவதற்கு அது அவசியமாக இருந்ததாகவும் சொன்னார். இதற்கு மறுபக்கமும் உண்டு. கதாபாத்திரங்கள் ஆசிரியரை இழுத்துச் செல்லும் என்ற பேச்சே பிடிக்காத ரஷ்ய-அமெரிக்க நாவலாசிரியர் நபகோவ், தன் கதைமாந்தர்கள் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்று 1967இல் வெளியான நேர்காணலில் கறாராகச் சொன்னார்.

நான் டால்ஸ்டாய் பக்கம். ஆனால் மாயமாக எதுவும் நடக்கிறது என்று நினைக்கவில்லை. முன்பு எழுதிய நூறு பக்கத்தில் அந்த ஆளைப் பற்றி நாம் அறியாமலே பல முடிவுகளை எடுத்துவிட்டோம். புதுத் திட்டம் அந்த முடிவுகளோடு முட்டும்போது, அந்த முட்டலை "மாட்டேன்" என்ற குரலாகக் கேட்கிறோம். எனவே மறுப்பு வந்தால் இப்படிச் செய்யுங்கள். அன்றைக்கு எழுதுவதை நிறுத்துங்கள். அந்த ஆள் வரும் பழைய பக்கங்களை மட்டும் எடுத்து, அவர் செய்தவற்றின் கீழே கோடு போடுங்கள், சொன்னவற்றை விட்டுவிடுங்கள். மறுப்புக்கான காரணம் அந்தக் கோடுகளில் எங்காவது இருக்கும். சரோஜினி மன்னிப்புக் கேட்க மறுத்ததற்கான காரணம் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தது: சிறுமியாக இருந்தபோது எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்கப்பட்டவள் அவள். நான்தான் எழுதினேன், நான்தான் மறந்தேன். அவள் மறக்கவில்லை.

மூன்று நாள் தேடியும் காரணம் கிடைக்கவில்லை என்றால், அது கதாபாத்திரத்தின் மறுப்பாக இருக்காது; உங்கள் அலுப்பாக இருக்கலாம். அப்போது தயங்காமல் திட்டப்படியே எழுதிப் பாருங்கள்.

வீட்டு மனிதர்கள் முதலில்

இதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டி ஆபத்தானதாகிவிடும். கதாபாத்திரம் வேண்டிய அளவு வரத் தொடங்கிய பிறகு, அதற்கு நேரம் ஒதுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு மாலை என் மகள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய நெருங்கிய தோழி பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஏதோ கேட்டாள். நான் ஏதோ பதில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இது எனக்குச் சொன்ன பதில் இல்ல" என்றாள். உண்மைதான். அது சரோஜினி விமலாவுக்குச் சொல்லும் பதில். அன்றைக்கு அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதன் பிறகு நான் வைத்துக்கொண்ட விதிகள் இவை. எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் கதாபாத்திரம் வெளியே நிற்கும். அவசரமாக ஏதாவது வந்துவிட்டால், "ஒரு நிமிஷம், ஒரு வார்த்தை எழுதிக்கறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டுத் திரும்புவேன். பேசுவதுபோல நடித்துக்கொண்டு உள்ளே கதையை ஓட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மரியாதையானது. வண்டி ஓட்டும்போதும் அடுப்பு எரியும்போதும் கதைக்கு அனுமதி இல்லை, குரல்பதிவும் இல்லை. போனால் போகட்டும்.

நேரம் ஒதுக்குவதற்கு எனக்குப் பிடித்த ஒரு மாதிரி உண்டு. இத்தாலிய எழுத்தாளர் பிராண்டெல்லோ 1911இல் எழுதிய ஒரு சிறுகதையில், கதைசொல்லியாக வரும் எழுத்தாளர் தன் வருங்காலக் கதைமாந்தர்களுக்கு ஞாயிறுதோறும் காலை 8 மணி முதல் 1 மணி வரை பேட்டி கொடுக்கிறார். வருகிறவர்கள் வரிசையில் காத்திருந்து தங்கள் குறைகளைச் சொல்கிறார்கள். நீங்களும் அப்படி ஒரு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு படுத்த பிறகு ஒருவர் வந்து பேசத் தொடங்கினால், "காலையில் ஆறரைக்கு வா" என்று மனதுக்குள் சொல்லி, பெயரை மட்டும் தலைமாட்டில் இருக்கும் தாளில் எழுதிவிட்டுப் படுங்கள். சொன்னபடி ஆறரைக்கு நீங்கள் உட்கார வேண்டும், அதுதான் முக்கியம். இரண்டு மூன்று முறை உட்கார்ந்துவிட்டால் இரவுத் தொந்தரவு நன்றாகக் குறைந்துவிடும். வாக்குத் தவறினால் குறையாது.

கனமான காட்சிகள் உடம்பிலும் தங்கும். 'மதாம் பொவாரி' நாவலின் நாயகி எம்மா நஞ்சு அருந்தும் பகுதியை எழுதியபோது தன் வாயில் ஆர்சனிக்கின் சுவை அப்படியே இருந்ததாகவும், சாப்பிட்டதை வாந்தியெடுத்ததாகவும் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபெர் 1866இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மரணம், வன்முறை, இழப்பு எழுதும் நாளில் எழுதி முடித்ததும் நேரே படுக்கைக்குப் போகாதீர்கள். முகம் கழுவுங்கள். உயிருள்ள ஒருவரோடு, கதைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பத்து நிமிடம் பேசுங்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். கதாபாத்திரத்தின் குரல் எவ்வளவு துல்லியமாகக் கேட்டாலும், அது நம் கற்பனை என்பது நமக்குத் தெரியும். "காலையில் வா" என்றால் பெரும்பாலும் ஒதுங்கும். அப்படி ஒதுங்காமல், பயமுறுத்துகிற, உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிற குரல் கேட்டாலோ, எது நிஜம் என்று பிரிக்க முடியாமல் போனாலோ, பல நாள் தூக்கமே இல்லாமல் போனாலோ, எழுத்தை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நெருங்கிய ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். நாவல் காத்திருக்கும்.

முடித்த பிறகும் வருவார்கள்

கடைசி வரியை எழுதியதும் எல்லாரும் கிளம்பிப்போய்விடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். போவதில்லை. ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் தன் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவல் வெளிவந்த சில மாதங்களில், 1813 மே மாதம், லண்டனில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் போனார். அங்கே ஓர் ஓவியத்தைப் பார்த்து, இது அந்த நாவலில் வரும் தன் ஜேன் பிங்லியேதான் என்று அக்கா கசாண்ட்ராவுக்கு எழுதினார்: வெள்ளை உடை, பச்சை அணிகள், அவளுக்குப் பச்சைதான் பிடிக்கும் என்று தான் எப்போதும் நினைத்தது சரியாகிவிட்டதாம். அவளுடைய தங்கையின் ஓவியத்தை மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நம் கல்கிக்கு வேறு விதமாக நேர்ந்தது. 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன் முடிந்ததும், அவர் பிறகு என்ன ஆனார், இவர் பிறகு என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்க, முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். நான்கு வருஷம் அவரோடு மட்டுமா அந்த ஆட்கள் குடியிருந்தார்கள்?

சிலருக்கு இது சுமையாகவும் ஆகும். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் மனதைச் சிறந்த வேலைகளிலிருந்து இழுத்துவிடுவதாக வருந்திய கானன் டாயில், 1893இல் அவரை அருவியில் தள்ளிக் கதையை முடித்தார். 1903இல் அவரை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. முதல் வரைவு முடிந்ததும் ஆறு வாரம் நாவலைத் தொடாதீர்கள். அந்த ஆறு வாரத்தில் ஆட்கள் வருவார்கள். வந்து சொல்வதைத் தனி நோட்டில் எழுதுங்கள். நாவல் நோட்டில் வேண்டாம். திருத்த உட்காரும்போது அதில் சில உதவும். அச்சுக்குப் போன பிறகு வருவதற்கும் அதே நோட்டுதான். அது யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

சரோஜினியின் நாவலை முடித்து நாளாகிவிட்டது. போன வாரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, விமலாவுக்கும் கண்ணாடி வந்துவிட்டது என்று தெரிந்தது. இப்போது இருவரும் ஆளுக்கொரு முனையில் நின்று ஊசியை வெளிச்சத்துக்குப் பிடிக்கிறார்கள். தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.